பாலியில் ஸ்கூபா டைவிங் முடித்த மறுநாள் எரிமலை ஏறலாமா? ஏறாவிட்டால் வேறு என்ன செய்யலாம்?

கேட்டவர் சொன்னது இதுதான்: பாலியின் வடகிழக்குக் கரையிலுள்ள துலாம்பெனில் நண்பர்களோடு இரண்டு நாள் டைவிங், கடைசி டைவ் பிற்பகல் மூன்று மணிக்கு முடிகிறது, ஊர் திரும்பும் விமானம் மறுநாள் இரவு. நடுவில் கிடைக்கும் பகலை வீணாக்க வேண்டாம், பாத்தூர் எரிமலையில் சூரியோதயம் பார்க்கலாம் என்கிறார் கார் ஓட்டுநர்.

வேண்டாம். விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மலையும் அதே கணக்குதான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

நீருக்குள் 20 மீட்டர் ஆழத்தில் உங்கள் உடல்மீது இருப்பது மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தம். சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் அதற்கேற்ப இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது முழுவதுமாக வெளியேறப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், கரைந்திருந்த வாயு உடலுக்குள்ளேயே குமிழிகளாகலாம். மூட்டு வலி, தோலில் தடிப்பு, மரத்துப்போதல், மோசமானால் நரம்புப் பாதிப்பு.

டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் தரும் வழிகாட்டுதல் எளிமையானது: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம், அழுத்தக் குறைப்புக்காக நடுநீரில் கட்டாயமாக நிற்க வேண்டிய ஆழமான டைவ் என்றால் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். இது விமானத்துக்காகச் சொன்னது என்றாலும், ஏறத்தாழ 600 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தை வைத்துத்தான் சொல்லப்பட்டது. பாத்தூர் 1,717 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. உங்கள் கணக்கில் மூன்று மணிக்குக் கரையேறி, நள்ளிரவு தாண்டிக் காரில் கிளம்பி, காலை ஆறு மணிக்கு உச்சியில் நின்றால் இடைவெளி 15 மணி நேரம்தான். இருட்டில் மூச்சிரைக்க ஏறுவதும் சேர்கிறது. இரவு விமானத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதற்குள் ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும்.

பாலியின் சிக்கல் என்னவென்றால், ஒருநாள் சுற்றுலாப் பட்டியலில் இருக்கும் புகழ்பெற்ற இடங்களில் பாதி மலைமேல்தான் இருக்கின்றன. கிந்தாமணியில் எரிமலையைப் பார்த்தபடி மதிய உணவு, பெடுகுல் ஏரிக்கோயில், லெம்புயாங் கோயில் வாசல். மூன்றையும் அன்று தவிருங்கள். லெம்புயாங்கை விடுவதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அந்த வாசலின் புகழ்பெற்ற படத்தில் தெரியும் ஏரி அங்கே கிடையவே கிடையாது. கேமராவுக்குக் கீழே கண்ணாடியைப் பிடித்து எடுக்கும் அந்த ஒரு படத்துக்காக வரிசையில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள்.

ஆகவே கரையோரமாகவே தெற்கே இறங்குங்கள். துலாம்பெனிலிருந்து அம்லாபுரா போகும் வழக்கமான சாலை நடுவில் ஒரு மேட்டை ஏறி இறங்கும். சனூரிலிருந்து டைவிங்குக்கு வந்து அன்றே திரும்புபவர்களின் வேன்கள் எல்லாம் அந்த வழியில்தான் போகின்றன, அதனால் பதற வேண்டியதில்லை. நேரம் இருப்பதால், நீங்கள் ஆமெட், செராயா வழியாகக் கடலை ஒட்டிய சாலையில் போகலாம். வளைவுகள் அதிகம், காட்சியும் அதிகம். அது உஜுங் நீர் மாளிகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடும். கரங்காசெம் அரசர் 1921-இல் கட்டி முடித்தது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது சிதைந்து, பிறகு மீண்டும் எழுப்பப்பட்டது. நீங்கள் துலாம்பெனில் பார்க்கப்போகும் லிபர்ட்டி கப்பலைக் கடலுக்குள் தள்ளியதும் அதே வெடிப்புதான். 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு ஆளாகி அதுவரை கரையில் கிடந்த கப்பல் அது.

அடுத்து தெங்கானான். சந்திதாசாவிலிருந்து உள்ளே திரும்பினால் சிறிது தூரம்தான். கெரிங்சிங் என்ற துணியை இந்தக் கிராமத்தில் நெய்கிறார்கள். பாவு நூலையும் ஊடை நூலையும் நெய்வதற்கு முன்பே தனித்தனியாகக் கட்டிக் கட்டிச் சாயமேற்றி, தறியில் இரண்டின் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும்படி நெய்ய வேண்டும். குஜராத்தின் பட்டோலாவும் இதே முறைதான். ஒரு துணி முடிய ஆண்டுகள்கூட ஆகும், விலையும் அப்படித்தான். வாங்காவிட்டாலும் தறி அருகே நின்று பார்க்க விடுவார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு கோவா லாவா பக்கம் பெசிங்காஹான் ஊர். அரைத்த மீனைக் குச்சியில் சுற்றிச் சுட்ட சாத்தே லிலித், மீன் சூப், சோறு, சம்பல். சம்பல் நம் நாக்குக்கு அந்நியமாக இருக்காது. கோவா லாவா வௌவால் குகைக்கோயில், சாலையோரத்திலேயே இருக்கிறது. அருகில் குசம்பா கடற்கரையில் உப்புக் காய்ச்சுபவர்கள் இன்னும் சிலர் உண்டு. கடல்நீரைக் கருமணலில் தெளித்துக் காயவைத்து, அந்த மணலை மரத்தொட்டியில் போட்டு வடித்து, கிடைக்கும் உவர்நீரைக் குடைந்த தென்னந்தடிகளில் ஊற்றி வெயிலில் விடுகிறார்கள். வேதாரண்யம் பாத்திகளைப் பார்த்த கண்ணுக்கு இது முற்றிலும் வேறு தொழிலாகத் தெரியும்.

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகுதான் வருகிறது: குளுங்குங். பழைய அரண்மனையில் மிஞ்சியிருக்கும் கெர்த்தா கோசா என்ற நீதி மண்டபத்தின் கூரை முழுவதும் ஓவியம். தாய் குந்தி சொல்லி, பாண்டுவையும் மாத்ரியையும் மீட்க பீமன் நரகத்துக்குப் போகிறான். நம் ஊர்க் கதாகாலட்சேபங்களில் நான் கேட்டிராத கிளைக்கதை. பாவம் ஒவ்வொன்றுக்கும் என்ன தண்டனை என்பதை ஓவியர்கள் ஒளிவுமறைவில்லாமல் தீட்டியிருக்கிறார்கள், விசாரணைக்கு வந்தவர் அண்ணாந்து பார்த்தால் அதுதான் தெரியும். கருடன் அமுதம் தேடும் கதையும் உண்டு. இப்போது இருப்பவை பிற்காலத்தில் புதுப்பித்தவை என்றாலும் பக்கத்துக் காமாசான் கிராமத்துப் பாணி அப்படியே இருக்கிறது. இதே வளாகத்தின் முன்புதான் 1908 ஏப்ரல் 28 அன்று அரசரும் குடும்பத்தினரும் பரிவாரமும் டச்சுத் துப்பாக்கிகளை நோக்கி நடந்து சென்று மடிந்தார்கள். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பின்னங்கழுத்து வலிக்கும், அதை டைவிங் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

வலி என்றதும் ஒன்று. அழுத்திப் பிடிக்கும் மசாஜை அன்று தள்ளிப்போடுங்கள். தசை வலி எது, குமிழி வலி எது என்று பிறகு மருத்துவருக்கே குழப்பம் வரும். நீரின்மேல் மிதந்தபடி ஸ்நார்க்லிங் செய்யலாம், ஆனால் மூச்சடக்கி ஆழத்துக்கு இறங்க வேண்டாம். மூட்டு வலியோ மரத்துப்போதலோ வந்தால் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று இருக்காமல் டைவ் கடையை உடனே அழையுங்கள். தென்பசாரின் பெரிய அரசு மருத்துவமனையில் உயர் அழுத்தச் சிகிச்சை அறை இருக்கிறது.

விமானம் நள்ளிரவை ஒட்டி என்றால், மாலையில் உலுவாத்து குன்றில் கெச்சாக் என்ற கூட்டு நடனம் பார்க்கலாம். அது கடலோரப் பாறை விளிம்பு, உயரம் நூறு மீட்டர்கூட இல்லை. எட்டு, ஒன்பது மணி விமானம் என்றால் விட்டுவிடுங்கள். ஆட்டம் முடிந்து எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் கிளம்பும், விமான நிலையம் போகும் சாலை அந்த வேளையில் நகராது.