ஜெர்மனியில் ஒரு சின்னப் பழைய ஊரைப் பார்க்க ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?

ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், தங்கல் பெர்லினில், எல்லோரும் ரோத்தன்பூர்க் போகச் சொல்கிறார்கள், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹார்ட்ஸ் மலை ஓரத்தில் இருக்கும் க்வெட்லின்பூர்க் போங்கள். முடிந்தால் அந்த ஒரு நாளை ஒன்றரை நாளாக்கி, ஓர் இரவு அங்கேயே தங்குங்கள்.

ரோத்தன்பூர்கைக் குறை சொல்லவில்லை. ஊரைச் சுற்றியுள்ள மதில்மேல் நடப்பது நல்ல அனுபவம்தான். ஆனால் அது பவேரியாவில் இருக்கிறது. பெர்லினிலிருந்து ரயில் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் வயதானவர்கள் களைத்துவிடுவார்கள். பகல் முழுக்க டூரிஸ்ட் பஸ் கூட்டம் வேறு. 1945 மார்ச் 31 குண்டுவீச்சில் அதன் கிழக்குப் பகுதி பெரிதும் அழிந்து, பிறகு திரும்பக் கட்டியது. க்வெட்லின்பூர்க் இரண்டாம் உலகப் போரில் பெரிய சேதமில்லாமல் தப்பிய ஊர்.

நான் மாக்டெபூர்கில் படிக்க வந்து அங்கேயே வேலையில் ஒட்டிக்கொண்டவள். அங்கிருந்து ஹால்பர்ஸ்டாட் வழியாகப் போனால் ஒன்றேகால் மணி நேரம். பெர்லினிலிருந்து என்றால் மொத்தம் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் ஹார்ட்ஸ்-பெர்லின்-எக்ஸ்பிரஸ் என்ற ரயிலைப் பிடித்தால் மாறவே வேண்டாம். நான் நாலு தடவை போயிருக்கிறேன். முதல் மூன்று தடவையும் எல்லோரையும் போல மார்க்கெட் சதுக்கத்தில் ஒரு போட்டோ, கோட்டை மேட்டில் ஒரு போட்டோ, ஒரு கேக், திரும்பி ரயில். நாலாவது தடவை அப்பாவோடு போனபோதுதான் அந்த ஊரைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

அப்பா தச்சு வேலை செய்தவர். கும்பகோணம் பக்கம் நாற்பது வருஷம் கதவு, நிலை, ஜன்னல் என்று இழைத்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறார். பெர்லினில் நான் காட்டிய எதுவும் அவரை அசைக்கவில்லை. க்வெட்லின்பூர்கில் ஸ்டேஷனிலிருந்து நடந்து பழைய ஊருக்குள் நுழைந்ததும் முதல் சந்திலேயே நின்றுவிட்டார். அம்மாவும் நானும் பாதி தெரு போய்த் திரும்பிப் பார்த்தால், மனிதர் ஒரு வீட்டுச் சுவருக்கு அரையடி தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

25,000 பேர்கூட இல்லாத ஊர் அது. அங்கே மரச்சட்ட வீடுகள் மட்டும் 2,000-க்கு மேல். ஜெர்மன்காரர்கள் ஃபாக்வெர்க் என்பார்கள். முதலில் மரத்தில் முழு எலும்புக்கூட்டையும் எழுப்பிவிடுவார்கள். சட்டங்களுக்கு நடுவில் உள்ள கட்டங்களில் குச்சி பின்னி, வைக்கோல் பிசைந்த களிமண்ணை அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். பாரம் முழுவதையும் மரம்தான் தாங்குகிறது, மண் சும்மா அடைசல். ஒவ்வொரு மாடியும் கீழ் மாடியைவிடத் தெருப் பக்கம் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். குறுகிய சந்துகளில் எதிரெதிர் வீடுகள் தலையை முட்டிக்கொள்வது போல நிற்கும்.

"இங்க பாரும்மா, நம்பர் குத்தியிருக்கான்" என்றார் அப்பா. பார்த்தேன். சட்டங்கள் சேரும் இடத்தில் உளியால் வெட்டிய கோடுகள், ரோமன் எண் மாதிரி. பட்டறையில் எல்லா மரத்தையும் அறுத்து, துளை அடித்து, கழுந்து வெட்டி, ஒரு தடவை தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, எண் போட்டுக் கழற்றி, மனையில் கொண்டுவந்து ஏற்றுவார்களாம். இதை எனக்கு எந்த கைடும் சொல்லவில்லை. அப்பா சொன்னதை ராத்திரி தேடிப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. மூட்டுகளில் ஆணிக்குப் பதில் மர முளைதான் என்பதையும் அவர்தான் காட்டினார். "ஆனா ஒண்ணு, தூக்குக்குண்டு புடிச்சா இந்தத் தெருவுல ஒரு வீடு தேறாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அது உண்மைதான். வளையாத வீடு அங்கே கிடையாது. அதனால் போனால் முதலில் தூரத்திலிருந்து போட்டோ எடுப்பதை விடுங்கள். கதவுக்கு மேலே உள்ள உத்தரத்தைப் பாருங்கள். பல வீடுகளில் கட்டிய ஆண்டு, சில வீடுகளில் தச்சரின் பெயர்கூடச் செதுக்கியிருக்கும். விட்டத்தின் முனைகள் வைரம் போலப் பட்டை தீட்டியிருக்கும். விசிறி விரித்த மாதிரி அரை வட்டப் பூக்களும் ஐந்து முனை நட்சத்திரமும் திரும்பத் திரும்ப வரும். அந்த நட்சத்திரம் கெட்டது அண்டாமல் இருக்கத்தான். நம் ஊரில் வாசலில் தொங்கும் பூசணிக்காயின் வேலை.

வோர்ட்காஸெ என்ற சந்தில் 3-ஆம் எண் வீட்டை மட்டும் தவறவிடாதீர்கள். 14-ஆம் நூற்றாண்டு வீடு. ஜெர்மனியிலேயே பழைய மரச்சட்ட வீடு என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு வேறு ஊர்களில் இன்னும் பழையது கிடைத்துவிட்டது. அதில் ஒரே தூண் தரையிலிருந்து கூரை வரை போகிறது. மாடிக்கு மாடி தனித்தனியாகச் சட்டம் கட்டும் வழக்கமெல்லாம் பிறகு வந்ததுதான். 1960-கள் வரை அதற்குள் ஆள் குடியிருந்திருக்கிறார்கள். இப்போது மரச்சட்ட வீடுகளுக்கான மியூசியம். நாங்கள் முதல் தடவை போனது மூடியிருந்த நாளில். அப்பா முகம் சுருங்கியதைப் பார்த்து மறுநாள் காலை திரும்பக் கூட்டிக்கொண்டு போனேன். இரவு தங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனை வீடுகள் எப்படி மிஞ்சின என்ற கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிழக்கு ஜெர்மனி காலத்தில் இவற்றைப் பழுதுபார்க்கப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. கூரை ஒழுகி, மரம் உளுத்து, வீடுகள் காலியாகிக்கொண்டே வந்தன. பழைய ஊரின் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டம்கூட இருந்தது. ஆனால் இடிக்கவும் காசு வேண்டுமே! மார்க்கெட்டுக்கு வடக்கே கொஞ்சம் இடித்து, கான்கிரீட் பலகை வீடுகளை பழைய தெருவின் அளவுக்குச் சுருக்கிக் கட்டினார்கள். அதோடு நின்றுவிட்டது. 1989-இல் பெர்லின் சுவர் விழுந்தது. 1994-இல் ஊர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. வடக்குப் பக்கம் நடந்தால் அந்தக் கான்கிரீட் வீடுகளையும் பாருங்கள். சரிவான கூரை எல்லாம் வைத்து ஏதோ மாறுவேடம் போட்டது போல இருக்கும். எனக்கு அவற்றின்மேல் ஒரு பரிதாபம் உண்டு.

சரி, கோட்டை மேடு. ஏற்றம் கல் பாவிய பாதை, முட்டிவலி உள்ளவர்கள் மெதுவாக ஏறலாம். மேலே செர்வாடியஸ் தேவாலயம், 1129-இல் அர்ப்பணித்தது. ஊரின் பெயர் ஆவணத்தில் வருவது 922-இலிருந்து. ஜெர்மன் அரசன் முதலாம் ஹென்றி 936-இல் இறந்தபோது இங்கேதான் புதைத்தார்கள். அவர் மனைவி மட்டில்டா அங்கே ஒரு பெண்கள் மடத்தைத் தொடங்கினார். பிரபுக் குடும்பத்துப் பெண்கள் இருந்த மடம். அதன் தலைவிதான் ஊரின் ஆட்சியாளர். இப்படியே பெண்கள் கையில் 1803 வரை, எண்ணூற்று அறுபது ஆண்டுக்கு மேல்! கடைசித் தலைவி சுவீடன் இளவரசி சோஃபி ஆல்பர்டினெ. இடையில் 1477-இல் ஊர்க்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். தலைவி ஹெட்விக் தன் சகோதரர்களின் படையை வரவழைத்து ஊரை அடக்கிவிட்டார். ஊரின் சுதந்திரத்துக்கு அடையாளமாக மார்க்கெட்டில் நின்ற ரோலண்ட் வீரன் சிலையையும் சாய்த்துவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில்தான் அது திரும்ப நின்றது. டவுன் ஹால் முன்னால் சின்னதாக, கொஞ்சம் அடிபட்ட முகத்தோடு நிற்பவர் அவர்தான். இதைச் சொன்னதும் அம்மா முதல் தடவையாக இந்த ஊரில் ஆர்வம் காட்டினார்.

தேவாலயத்துக்குள் ஒரு விநோதம் கவனியுங்கள். கிழக்குக் கோடியை வெளியே நின்று பார்த்தால் கூர் வளைவு ஜன்னல்களோடு கோதிக் பாணி. உள்ளே போய்ப் பார்த்தால் அதே இடத்தில் வழவழப்பான அரைவட்டச் சுவர், அதற்கும் முந்தைய ரோமனெஸ்க் பாணி. உள்ளே இருப்பது நாஜிகள் கட்டியது. எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் தலைவர் ஹிம்லருக்கு ஹென்றி அரசன்மேல் ஒரு பித்து. 1936-இல் ஆயிரமாவது நினைவு நாளைக் கொண்டாடினார், பிறகு அங்கே வழிபட்டு வந்த சபையாரை வெளியேற்றித் தேவாலயத்தையே எஸ்.எஸ். படையின் கோயிலாக மாற்றினார். அரசனின் எலும்பு கிடைத்துவிட்டது என்று 1937-இல் ஊர்வலம் வைத்துப் புதைத்தார்கள். போருக்குப் பிறகு திறந்து பார்த்தால் அது அவருடையதே இல்லை. கீழே நிலவறையில் மட்டில்டாவின் கல் பெட்டி இன்றும் இருக்கிறது. பக்கத்தில் அரசனின் எலும்புகள் மட்டும் இல்லை.

தேவாலயத்தின் பொக்கிஷ அறைக்குத் தனியாக நேரம் வையுங்கள். போரின்போது பொருட்களை ஒரு குகையில் ஒளித்து வைத்திருந்தார்கள். 1945-இல் ஊருக்குள் வந்த அமெரிக்க ராணுவத்தின் லெஃப்டினன்ட் ஜோ மேடர், 12 பொருட்களைத் தூக்கி ராணுவத் தபாலிலேயே டெக்சாஸில் உள்ள தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். 9-ஆம் நூற்றாண்டின் பொன்னெழுத்து வேதப் புத்தகம் ஒன்று, ஹென்றியுடையது என்று சொல்லப்படும் தந்தச் சீப்பு ஒன்று, இப்படி. அவர் 1980-இல் இறந்தார். வாரிசுகள் விற்கப் போனபோது விஷயம் வெளியே வந்தது. கடைசியில் பணம் கொடுத்து மீட்டு 1993-இல் 10 பொருட்கள் ஊர் திரும்பின. இரண்டு இன்னும் வரவில்லை. உண்டியல் திருடியவனுக்கே காணிக்கை கொடுத்து வாங்கின கதை என்று அப்பா சிரித்தார்.

எதிரே மியூன்ட்ஸென்பெர்க் என்று ஒரு குட்டி மேடு. பெரும்பாலான ஒருநாள் பயணிகள் ஏறுவதே இல்லை. 986-இல் கட்டிய கன்னி மாடம் அங்கே இருந்தது. அது கைவிடப்பட்ட பிறகு தெருப் பாடகர்கள், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் என்று ஏழைகள் குடியேறி, தேவாலயத்தின் சுவர்களையே சுவராக்கி வீடு கட்டிக்கொண்டார்கள். ஒரு தேவாலயம் முழுக்க பல வீடுகளின் நிலவறைகளுக்குள் துண்டு துண்டாகப் போய்விட்டது. அதில் ஒரு பகுதியை இப்போது இறங்கிப் பார்க்கலாம். கோட்டை மேட்டின் நல்ல படம் வேண்டுமென்றாலும் இங்கிருந்துதான், சாயங்கால வெயிலில்.

ஜெர்மனியில் முதன்முதலில் மருத்துவ டாக்டர் பட்டம் வாங்கிய பெண், டொரோதியா எர்க்ஸ்லேபென், இந்த ஊர்க்காரர். பிறந்தது 1715, பட்டம் 1754-இல் ஹால்லே பல்கலைக்கழகத்தில். வீடு, குழந்தைகள் எல்லாம் பார்த்துக்கொண்டே வாங்கியது. அந்தப் பெயரை ஊரில் எங்காவது பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

சாப்பாட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சைவம் என்றால் உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும், இல்லாவிட்டால் சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரி ஒன்று. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஹார்ட்ஸ் சீஸ் என்று ஒன்று கிடைக்கும். அம்மா ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "ஒரு வாரம் மறந்துபோன தோசை மாவு" என்றார். அந்த வார்த்தைக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. கோட்டை மேட்டுக்குக் கீழே சாயங்காலம் சீஸ் கேக் சாப்பிடுங்கள், அது நன்றாக இருக்கும். நாங்கள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனோம், ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம், யாரும் எதுவும் கேட்கவில்லை. கையில் ரொக்கம் வைத்திருங்கள். ஒரு உணவகத்தில் சாப்பிட்டு முடித்த பிறகு கார்டு எடுக்க மாட்டோம் என்றார்கள். அப்பாவையும் அம்மாவையும் அங்கே அடமானம் வைத்துவிட்டு நான் ஏ.டி.எம். தேடி ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் மூடியிருக்கும், தண்ணீர் பாட்டிலைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம். உருண்டைக் கல் பாவிய தெருவில் அது போடும் சத்தத்துக்கு ஜன்னல் ஜன்னலாகத் தலை எட்டிப் பார்க்கும்.

மறுநாள் நேரம் இருந்தால் ஸ்டேஷனிலிருந்தே குறுகிய பாதை ரயில் கிளம்புகிறது. மலைக்குள் போகும் அந்தப் பாதையை 2006-இல்தான் க்வெட்லின்பூர்க் வரை நீட்டினார்கள். எல்லா நடையும் நீராவி இன்ஜின் இல்லை, அட்டவணையில் பார்த்து ஏறுங்கள். டிசம்பரில் போனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் வார இறுதிகளில் வீடுகளின் உள் முற்றங்களையெல்லாம் திறந்து சந்தை போடுவார்கள். அழகுதான், ஆனால் கூட்டம் நெரியும், அறை கிடைக்காது. பெற்றோரோடு என்றால் மே அல்லது செப்டம்பர்.

தங்குவதற்கு மரச்சட்ட வீடு ஒன்றிலேயே அறை எடுங்கள். லிஃப்ட் இருக்காது, மாடிப்படி ஏணி போல நிமிர்ந்து நிற்கும், முன்கூட்டியே கேட்டுக் கீழ் அறையாக வாங்குங்கள். எங்களுக்கு மாடிதான் கிடைத்தது. ஆறு மணிக்கு மேல் வெளியூர்க்காரர்கள் போய்விட்டார்கள், தெருவில் நாங்கள் மூன்று பேரும் ஒரு பூனையும்தான். ராத்திரி முழுக்கப் பலகைத் தரை கிறீச் கிறீச் என்று முனகிக்கொண்டிருந்தது. பட்டறைச் சத்தம் மாதிரி இருக்கிறது என்று அப்பா நிம்மதியாகத் தூங்கிவிட்டார். அம்மா காலை வரை கண் மூடவில்லை.