கடைப் பலகையில் எந்த ஸ்டேஷனரி?

கேள்வி: நோட்டு, பேனா விற்கும் சிறிய கடை திறக்கப்போகிறேன். பலகையில் ஆங்கிலத்தில் 'ஸ்டேஷனரி' என்று எழுத, 'ஆர்', 'ஒய்' இரண்டுக்கும் முன்னால் 'ஏ' வருமா, 'ஈ' வருமா? மகளின் இயற்பியல் புத்தகத்தில் 'ஏ' இருக்கிறது. பெயிண்டர் 'ஈ' என்கிறார்.

பதில்: பெயிண்டர் சொல்வதுதான் சரி. பலகைக்கு 'ஈ'. புத்தகத்திலும் பிழையில்லை. அது வேறு சொல். நகராமல் ஓரிடத்தில் நிற்பதைக் குறிக்கும் பெயரடை. உச்சரிப்பு ஒன்றாக இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. லத்தீனில் 'ஸ்டாரே' என்றால் நிற்பது, 'ஸ்டாட்டியோ' என்றால் நிற்குமிடம். ரயில்வே ஸ்டேஷனும் அதிலிருந்து வந்ததுதான். இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுமந்து விற்ற வியாபாரிகள் ஏராளம். பல்கலைக்கழகத்தை ஒட்டி நிலையாகக் கடை வைத்திருந்த புத்தகக்காரருக்கு 'ஸ்டாட்டியோனாரியுஸ்' என்று பெயர். அச்சு வராத காலம் அது. இத்தாலியின் பொலோனியா நகரிலும் பாரிஸிலும் இவர்கள் பாடநூலின் மூலப்பிரதியைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வாடகைக்குக் கொடுப்பார்கள். ஒருவர் ஒரு பகுதியை நகலெடுக்கும்போதே இன்னொருவர் அடுத்த பகுதியை எழுதிக்கொண்டிருக்கலாம். ஒரே புத்தகம் பலருக்குப் பயன்பட்ட இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வாடகையைக்கூடப் பல்கலைக்கழகமே கட்டுப்படுத்தியது.

ஆங்கிலத்தில் இவர் 'ஸ்டேஷனர்' ஆனார். லண்டனில் 1403இல் இவர்களுக்குச் சங்கம் அமைந்தது. 1557இல் அரச சாசனமும் கிடைத்தது. ஸ்டேஷனர் விற்கும் பொருள் ஸ்டேஷனரி. பேக்கரிடமிருந்து பேக்கரி வந்ததைப் போலத்தான், 'ஈ' மாறாமல் அப்படியே நிற்கிறது. என்வலப்பின் முதல் எழுத்து 'ஈ' என்று நினைவு வைக்கச் சொல்வார்கள். அதுவும் உதவும், ஆனால் காரணம் தெரிந்தால் மறக்காது.

சரி, 'ஏ' வருகிற சொல் எங்கே தேவைப்படும்? நின்றிருந்த வண்டியின் மேல் இன்னொரு வண்டி மோதியதாக இன்ஷூரன்ஸ் படிவத்தில் எழுதும்போது, ஜிம்மில் நகராத சைக்கிளைச் சொல்லும்போது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புவிநிலை செயற்கைக்கோளின் ஆங்கிலப் பெயரிலும் 'ஏ'தான். அது வேகமாகத்தான் ஓடுகிறது. பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுப்பதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிகிறது. ஆனால் தேங்கி நாறும் குட்டைக்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள், அதற்கு 'ஸ்டாக்னன்ட்' என்று வேறு சொல் இருக்கிறது.