அரசனைக் கொன்றவன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் மிகுபுனைவு வரிசையில் வெளிவந்த ஐந்து நாவல்களையும் வாசித்து முடித்தேன். மெய்க்காவலனாக இருந்துகொண்டே தன் அரசனைக் கொன்ற ஜேமி லானிஸ்டர்மீது மூன்றாம் நாவலில் எனக்கு இரக்கம் வந்துவிட்டது. நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. தம்பியர் என்று தெரிந்த பின்னும் செஞ்சோற்றுக் கடனுக்காக எதிர்நின்ற கர்ணனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மார்ட்டின் நம்மை ஏமாற்றுகிறாரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஏமாற்றுகிறார்தான், ஆனால் அந்த ஏமாற்று முதல் இரண்டு நாவல்களில் நடக்கிறது. அவற்றில் ஜேமியின் பார்வையில் ஓர் அத்தியாயம்கூட இல்லை. அரியணையில் வாளோடு அமர்ந்திருந்தவனைக் கண்டதுமே, ஒரு கேள்வியும் கேட்காமல் தீர்ப்பளித்த, அரசனை எதிர்த்துப் போரிட்ட தரப்பின் பிரபுவான நெட் ஸ்டார்க்கின் இடத்தில்தான் நாமும் அதுவரை நிற்கிறோம். 2000-இல் வந்த மூன்றாம் நாவலில், வலதுகை வெட்டப்பட்டு, காய்ச்சல் தணியாமல், ஹாரன்ஹால் கோட்டையின் குளியல் தொட்டியில் கிடக்கும்போதுதான் அவன் பெண் போர்வீரர் பிரியனிடம் வாய் திறக்கிறான். தலைநகரின் அடியில் எரிதிரவத்தைப் புதைத்துவைத்து, மக்களோடு ஊரையே கொளுத்திவிட முடிவுசெய்த அந்த அரசன் ஏரிஸ், தன் தந்தையின் தலையையே கொய்து வரும்படி ஜேமிக்குக் கட்டளையிட்டிருந்தான்.

கர்ணன் கடன்பட்டது ஒரே ஒருவனிடம், அதனால் அவனுடைய துயரம் பெரிது என்றாலும் கணக்கு தெளிவானது. ஜேமியோ அரசனைக் காப்பேன், எளியவர்களைக் காப்பேன், தந்தைக்குப் பணிவேன் என்று ஒன்றையொன்று வெட்டும் பல சத்தியங்களைச் சுமந்தவன். அரசியின் அறைக்குள்ளிருந்து அலறல் கேட்க, வெளியே காவல் நின்ற ஜேமி, அவளையும் காப்பதாகத்தானே சத்தியம் செய்தோம் என்கிறான். ஆம், ஆனால் அரசனிடமிருந்து அல்ல என்கிறார் உடன் நின்ற மூத்த வீரர். இந்த நாவல்களில் என்னை அதிகம் தொந்தரவு செய்த இடம் அது.

மார்ட்டின் நிறையவே எடுத்துக்கொண்ட இங்கிலாந்தின் ரோஜாப் போர்களிலும் (அரியணைக்காக நடந்த உள்நாட்டுப் போர்கள்) இந்தச் சிக்கல் உண்டு. அரசரை எதிர்த்த யார்க் தரப்புக்குத் துணையாக கலே கோட்டையிலிருந்து வந்த படைத்தலைவர் ஆண்ட்ரூ டிராலப், 1459 அக்டோபரில் லட்ஃபர்டில் எதிரே அரசரின் கொடி நிற்பதைக் கண்டு, இரவோடு இரவாகத் தன் வீரர்களோடு அரசர் பக்கம் போனார். யார்க் தரப்புக்கு அவர் துரோகி, அரசர் தரப்புக்கு விசுவாசி. அதே அரசருக்காக 1461-இல் டௌட்டன் போர்க்களத்தில் இறந்தார்.

உங்கள் கூச்சத்துக்கு மருந்தாக, ஏரிஸின் இன்னொரு மெய்க்காவலரான பாரிஸ்டன் செல்மியை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். ஏரிஸுக்காகப் போரிட்டுச் சாகக் கிடந்தவரிடம், விசுவாசத்துக்காக ஒருவனைக் கொல்லமாட்டேன் என்று சொல்லித் தன் சொந்த வைத்தியரையே அனுப்பினான் ஏரிஸை எதிர்த்து வென்ற ராபர்ட். பாரிஸ்டனும் பிழைத்தெழுந்து அவனுக்கே மெய்க்காவலரானார். ஜேமியை மனதார இகழ்ந்த அந்தக் கிழவர், ஐந்தாம் நாவலில் தான் பின்னர் பணியேற்ற வேறோர் அரசியின் கணவனான மன்னனை நள்ளிரவில் வாளோடு சென்று சிறைபிடிக்கிறார். அந்த அத்தியாயத்துக்கு, ‘அரசனைக் கொன்றவன்’ என்ற ஜேமியின் வசைப்பெயரை ஒரு சொல் மட்டும் மாற்றித் தலைப்பாக வைத்திருக்கிறார் மார்ட்டின்.