பத்து மணிக்குப் போனேன், வீடு பூட்டிக் கிடந்தது

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் பண்ருட்டி. கணக்கு டீச்சர். ஒரு வருஷத் தன்னார்வப் பணிக்காகத் தான்சானியாவில் ம்ட்வாரா பக்கம் ஒரு பள்ளிக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பள்ளியில் குறையில்லை. வீட்டுக்கு வந்தால்தான் தாங்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன கட்டில், பாத்திரம், திரைச்சீலை என்று எல்லாம் லாட்ஜ் மாதிரி இருக்கிறது. பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. வந்த இரண்டாம் நாளே பக்கத்து வீட்டு அம்மா ஒரு தட்டில் சோறும் பீன்ஸும் கொண்டுவந்து தந்தார். சனிக்கிழமை 'ஸா குமி'க்குத் தேநீர் குடிக்க வரச் சொன்னார். குமி என்றால் பத்து. சேலை கட்டிக்கொண்டு காலை பத்து மணிக்குப் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. மனசே விட்டுப்போச்சு. அதிலிருந்து வாசலில் யார் 'ஹோடி' என்று கூப்பிட்டாலும் கதவைத் திறப்பதில்லை. ராத்திரி எல்லாம் அம்மாவோடு வீடியோ காலில்தான் இருக்கிறேன். ஊருக்குத் திரும்பிவிடலாமா?

பெயர் வேண்டாம், தான்சானியா

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் 'குமி' என்ற இடத்துக்கு வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மா உங்களை அலட்சியப்படுத்தவில்லை. அவர் சொன்ன பத்து, சாயங்காலம் நாலு மணி.

சுவாஹிலியில் நேரத்தைப் பொழுது விடிவதிலிருந்து எண்ணுவார்கள். பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிற நாடு; வருஷம் முழுக்க ஆறு மணியை ஒட்டியேதான் விடியும், இருட்டும். அதனால் காலை ஏழு மணி அவர்களுக்கு 'ஸா மோஜா', முதல் மணி. எட்டு மணி 'ஸா ம்பிலி', இரண்டாம் மணி. அப்படியே எண்ணிக்கொண்டு போனால் பத்தாவது மணி நம் நாலு மணியில் வந்து நிற்கும். ஜாதகம் எழுதுகிறவர்கள் உதயாதி நாழிகை என்று சூரிய உதயத்திலிருந்து கணக்குப் போடுவார்களே, அதே வழிதான். உங்கள் பள்ளியில் ஆங்கிலத்தில் பேசும்போது நம் கடிகாரக் கணக்கையே சொல்லியிருப்பார்கள், அதனால் உங்களுக்கு இது பிடிபடவில்லை.

எனக்கும் இது நடந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் அதே தான்சானியாவில், மொரோகோரோ என்ற ஊரில் இரண்டு வருஷம் தன்னார்வலராக இருந்தேன். என்னை வரவேற்க ஏற்பாடு செய்த கூட்டத்துக்கு 'ஸா ம்பிலி' என்றார்கள். நான் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் நின்றேன். நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு எல்லோரும் போயிருந்தார்கள். அந்த அவமானம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது அந்தச் சனிக்கிழமையை அவர் பக்கமிருந்து பாருங்கள். காலையில் சந்தைக்குப் போயிருப்பார். நாலு மணிக்குப் பாயை உதறி விரித்து, பிளாஸ்கில் தேநீர் ஊற்றி வைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். அப்புறம் உங்கள் வாசலுக்கே வந்து 'ஹோடி' என்று கூப்பிட்டிருக்கலாம். நீங்கள் உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை. அங்கே மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவது வழக்கம். 'கரிபு' என்று நீங்கள் உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும், வாங்க என்று அர்த்தம்.

அதனால் ஊருக்கு வருவதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். முதலில் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். காய்ச்சல் விடாமல் அடிக்கிறது, இருக்கும் இடம் பாதுகாப்பில்லை என்றெல்லாம் எழுதியிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். (காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மலேரியா ரத்தப் பரிசோதனை. நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒருநாளும் விடாதீர்கள். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.)

அந்தத் தட்டு இன்னும் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது? வெறும் தட்டாகத் திருப்பித் தர நமக்குக் கை வராது. சந்தையில் 'குண்டே' என்று கேளுங்கள், தட்டைப்பயறு கிடைக்கும். தேங்காய்க்கு அந்தக் கரையில் பஞ்சமே இல்லை. சுண்டல் செய்துவிடலாம். ஆனால் தேங்காயை நீங்களே துருவ வேண்டாம், முழுசாக எடுத்துக்கொண்டு போய் அவரிடம் துருவக் கற்றுத் தரச் சொல்லுங்கள். 'ம்பூஸி' என்று ஒன்று வைத்திருப்பார். அந்தச் சொல்லுக்கு ஆடு என்று பொருள். மடக்கு முக்காலி மாதிரி தாழ்வாக இருக்கும், ஒரு முனையில் பல் வைத்த இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஒருக்களித்து உட்கார்ந்து, தேங்காய் மூடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிச் சுற்றித் துருவ வேண்டும். முதல் தடவை எனக்கு ஓட்டோடு சேர்ந்து கறுப்பாக வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்து, அழுத்தாதே என்று சைகையில் காட்டினாள். அன்று சாயங்காலம்தான் அந்தத் தெருவில் எனக்கு ஓர் ஆள் கிடைத்தாள். நான் போய்ப் பாடம் நடத்திய ஆறு வாரத்தில் அது நடக்கவில்லை. கொடுக்கத்தான் வந்திருக்கிறோம் என்ற நினைப்பில் யாரிடமும் எதையும் கேட்காமலே இருந்துவிட்டேன்.

வாசலில் வயதானவர் யாராவது இருந்தால் 'ஷிகமூ' சொல்லுங்கள். காலைப் பிடித்து வணங்குகிறேன் என்பதிலிருந்து வந்த சொல் என்பார்கள். 'மரஹபா' என்று பதில் வரும். அந்த அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். மூத்த பிள்ளையின் பெயரோடு 'மாமா' சேர்த்துக் கூப்பிடுவதுதான் மரியாதை; மாமா என்றால் அங்கே அம்மா.

வீட்டு விஷயம். முதலில் அந்தத் திரைச்சீலையைக் கழற்றுங்கள். கடைத்தெருவில் 'காங்கா' துணி ஜோடியாக விற்பார்கள், கீழ்க்கரையில் சுவாஹிலியில் ஒரு வாசகம் அச்சடித்திருக்கும். ஒரு ஜோடி வாங்கி ஜன்னலில் நீங்களே தேர்ந்தெடுத்ததை மாட்டுங்கள். வாசகத்துக்கு அர்த்தம் என்ன என்று தெருவில் கேட்டால் ஒருவாரம் பேச்சு ஓடும். பெட்டியைக் காலி செய்து பரணில் ஏற்றிவிடுங்கள். மின்சாரம் 'லுகு' மீட்டர்தானே? முன்பணம் கட்டி வாங்கும் இருபது இலக்க எண்ணை அடித்தால்தான் கரண்ட். தீர்ந்துபோகும் வரை காத்திருக்காமல் கொஞ்சம் கூடவே போட்டு வையுங்கள். இருட்டில் தனியாக உட்கார்ந்தால் எந்த வீடும் லாட்ஜாகத்தான் தெரியும். கரி அடுப்பும் ஒன்று வாங்குங்கள், நம் கும்மட்டி அடுப்புதான், அங்கே 'ஜிகோ'. அதை வாசலில் வைத்துப் பற்றவைத்தாலே யாராவது விசிற வருவார்கள். வீட்டுக்குள் மட்டும் கொண்டுபோய் எரிக்காதீர்கள்.

அம்மாவோடு பேசுவதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்கு ராத்திரி எட்டு என்றால் பண்ருட்டியில் பத்தரை. அவர் தூக்கம் கெட்டு விழித்திருக்கிறார், உங்கள் சாயங்காலமும் போய்விடுகிறது. காலை ஆறு மணிக்குக் கூப்பிடுங்கள். அங்கே எட்டரை, வேலையெல்லாம் ஓய்ந்து அவரும் நிதானமாகப் பேசுவார்.

பண்ருட்டிக்காரரான உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ம்ட்வாரா முந்திரிச் சீமை. அந்தக் கொட்டை பல வருஷமாக இந்தியாவுக்குக் கப்பலேறி வந்துதான் உடைபடுகிறது. நம்மூரில் பங்குனி சித்திரையில் பழம் விழும், அங்கே ஐப்பசி கார்த்திகையில். வறுக்கும்போது தெறிக்கிற பால் பட்டால் கை எப்படிப் புண்ணாகும் என்று உங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்தது, அந்தத் தெருப் பெண்களுக்கும் தெரியும். பேச்சுக்கு விஷயம் இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். 'சமஹானி', மன்னியுங்கள் என்று தொடங்கி, விரல் விட்டுக் காலை பத்து என்று காட்டினால் அவருக்கே புரிந்துவிடும். மறுபடியும் கூப்பிடுவார். தேநீரோடு அனேகமாக 'விட்டும்புவா' இருக்கும். அரிசி, தேங்காய்ப்பால், ஏலக்காய் சேர்த்துக் குழிச்சட்டியில் சுடுவது, நம் பணியாரத்தின் உடன்பிறப்பு. சூடாகச் சாப்பிடுங்கள். நாலு மணிக்கு.