எந்த மென்பொருள் பத்து வருசம் நின்று பிடிக்கும்?

ஐயா, வணிகமாணி முடித்து ஒரு வருசம். அரச நியமனம் வருமட்டும் பொறுத்திரு என்று வீட்டில் சொல்லுகினம். கணக்கு மென்பொருள் ஒன்று படிப்பமென்றால், செயற்கை நுண்ணறிவு வந்து அந்த வேலையையே எடுத்துப்போடும் என்கினம். பத்து வருசம் நின்று பிடிக்கிறது எது?
— வாசகி, சுன்னாகம்

அன்புள்ள தங்கைக்கு,

மென்பொருளைச் செய்து விற்றவர்களுக்கே அது பிடிபடவில்லை. 1979இல் வந்த விசிகல்க் என்ற விரிதாள் மென்பொருளை 1983இல் லோட்டஸ் 1-2-3 விழுத்தியது. லோட்டஸ், அடுத்த காலம் ஓஎஸ்/2 என்ற இயங்குதளத்துடையது என்று நம்பி அதற்கே உழைத்தது. மூடத்தனமில்லை, ஐபிஎம்மும் மைக்ரோசொஃப்டும் சேர்ந்து தூக்கிப் பிடித்த சாமான் அது. ஆனால் 1990இல் வந்த விண்டோஸ் 3.0 விற்றுத் தள்ளியது, அதில் ஓடிய எக்செல் இடத்தைப் பிடித்தது. விசிகல்க், லோட்டஸ், எக்செல் மூன்றிலும் ஓடியது அதே நிரை, நிரல், அதே இரட்டைப் பதிவு.

ஆகவே தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் ஒரு மாதக் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் கேட்டு வாங்கி, இரண்டு மீதியும் ஏன் வேறுபடுகுது என்று காட்டும் இணக்கக் கூற்று செய்து பாருங்கள். உயர்தரத்தில் செய்ததுதான், ஆனால் அங்கே தரவு சுத்தமாக வந்தது. பொருந்தும் தொகைகளை வெட்டிக்கொண்டு போக, இன்னும் மாறாத காசோலையும் வங்கி தானாகக் கழித்த கட்டணமும் மிஞ்சும். முன்னையதை வங்கி மீதியில் கழியுங்கள். பின்னையதைக் காசேட்டில் பதியுங்கள். பிறகும் வித்தியாசம் நின்று, அது 9ஆல் மீதியின்றிப் பிரிந்தால், 5,400ஐ 4,500 என்று யாரோ மாற்றி எழுதியிருக்கக்கூடும்.

எக்செலில் பெரிய வில்லங்கம் திகதி. கொம்பியூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் 03/04 என்ற ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகிவிடும். 12ஆம் திகதிக்குப் பிறகானவை மாதமாக முடியாமல் வெறும் எழுத்தாக நின்று, கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டும். அப்படி ஒட்டியதைக் கண்டால் மற்றத் திகதிகளையும் நம்பாதீர்கள். தொகை இப்படி எழுத்தாக நின்றால் இன்னும் மோசம்: கூட்டும்போது அதை விட்டுவிடும், வாய் திறக்காது.

செயற்கை நுண்ணறிவுக்கும் இதே கோப்புத்தான் போகும். ஒரே தொகையில் இரண்டு காசோலை இருந்தால் பிழையானதைப் பொருத்திவிட்டு அடித்துச் சொல்லும். காசோலை இலக்கத்தைப் பார்க்கத் தெரிந்தவர்தான் அதைப் பிடிக்க வேணும்.

நியமனத்துக்கு விண்ணப்பிப்பதை விட வேண்டாம், காத்திருப்பதை விடுங்கள். கோர்ஸில் சேர முதல், உண்மையான வங்கிக் கூற்றில் பயிற்சி தருவார்களா என்று கேளுங்கள். எந்த பட்டனை அழுத்துவது என்பது மட்டும்தானென்றால் காசு வீண். நேர்முகத்துக்குச் சான்றிதழோடு அந்த இணக்கக் கூற்றையும், கடையின் பெயரை மறைத்து, கொண்டுபோங்கள். சரிவராமல் நின்ற பதிவுகளை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதைப் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.