அப்பாவோடு ராக்கெட்: கேள்விகளும் பதில்களும்

ஓஹாயோவில் நான் மாடல் ராக்கெட் விடத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. அதில் ஏழு கோடைகள் அப்பாவும் கூட இருந்தார். ராஜபாளையம் பக்கம் நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். மே மாதம் வருவார், அக்டோபரில் ஊர் திரும்புவார். பெற்றோரோடு சேர்ந்து ராக்கெட் விடுவது பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் எனக்குப் பதில் தெரிந்தவை கீழே.

அக்கா, அப்பா அம்மா ஆறு மாதம் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்குப் பொழுதே போகவில்லை. 68 வயதில் இது ஒத்துவருமா? (டாலஸ்)

நன்றாகவே ஒத்துவரும். ஆனால் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டு, விடுகிற நாளில் அவரைக் காரில் கூட்டிப்போய் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் இரண்டாம் தடவை வர மாட்டார். ஏதாவது ஒரு வேலையை முழுசாக அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் அது தானாக நடந்தது. முதல் கிட்டைப் பிரித்து, ஃபின் (ராக்கெட்டின் வாலில் ஒட்டும் சின்ன இறக்கை) வெட்டுவதற்காக பால்சா என்ற லேசான மரப் பலகையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மரம் வீணாகக் கூடாது என்று அச்சை இப்படியும் அப்படியும் திருப்பி நெருக்கமாக வரைந்திருந்தேன். அப்பா பலகையை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவு தடவிவிட்டு, “நார் இப்படி ஓடுது, நீ குறுக்க வெட்டப் போற. கீழ விழுந்தா பட்டுனு போயிரும்” என்றார். கிட்டோடு வந்த தாளிலும் அதேதான் போட்டிருந்தது: மர நார், ஃபினின் முன்விளிம்போடு ஒரே போக்கில் ஓட வேண்டும். அந்த ஆங்கிலத் தாளை அவர் தொடவே இல்லை.

அன்றிலிருந்து ஃபின் அவர் பொறுப்பு. மூன்றையும் ஒன்றாக அடுக்கி இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து உப்புத்தாள் போடுவார், மூன்றும் ஒரே அளவாக வந்துவிடும். பசையை மெல்லிசாகத் தடவி, கொஞ்சம் உலரவிட்டு, மறுபடி தடவி ஒட்டுவார். ஓரத்தில் விரல் நுனியால் ஒரே இழுப்பு. ஏழு வருஷத்தில் அவர் ஒட்டிய ஃபின் ஒன்றுகூடக் கழன்றதில்லை.

உங்கள் அப்பா தச்சராக இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கு பார்த்தவர் என்றால் நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். எந்த எஞ்சின் (ராக்கெட்டை மேலே தள்ளும் மருந்துக் குழாய்), எவ்வளவு காற்று, எங்கே விழுந்தது என்று எழுதி வைக்கட்டும்.

அப்பா ஊருக்குத் திரும்பும்போது நாலு எஞ்சின் கொடுத்துவிடலாமா? பேரன் கேட்கிறான். (நியூ ஜெர்சி)

கூடாது. மாடல் ராக்கெட் எஞ்சினை விமானத்தில் கைப்பையிலும் வைக்கக் கூடாது, பெட்டியிலும் போடக் கூடாது. பேரனுக்கு ஒரு சோடா பாட்டில், ஒரு சைக்கிள் பம்பு, கொஞ்சம் தண்ணீர் போதும். தண்ணீர் ராக்கெட் ஊரிலேயே விடலாம், அதுவும் நல்ல ராக்கெட்தான்.

முதல் தடவையே பெரிதாக, C6-5 எஞ்சின் போட்டு அப்பாவை அசத்தலாம் என்று நினைக்கிறேன். (சியாட்டில்)

முதலில் அந்த எழுத்தையும் எண்ணையும் படிக்கப் பழகுங்கள். எழுத்து, மொத்த உந்தலைச் சொல்கிறது. A என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-வினாடி, B என்றால் 5, C என்றால் 10. ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டிப்பு. அடுத்த எண், சராசரி உந்துவிசை எத்தனை நியூட்டன் என்பது. கோட்டுக்குப் பின்னால் உள்ளது, எரிந்து முடிந்த பிறகு எத்தனை வினாடி கழித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும் என்பது.

சின்ன ராக்கெட்டில் C6 போட்டால் 1000 அடி வாக்கில் போகும். வயதானவர் கண்ணுக்கு அது புள்ளியாகக்கூடத் தெரியாது. அப்புறம் காற்று அதை எங்கேயோ கொண்டுபோய்ப் போடும். A8-3 போடுங்கள். சில நூறு அடிதான் ஏறும், ஆனால் பாராசூட் விரிவதை அவரே பார்ப்பார், இறங்குமிடத்துக்கு நடந்தும் போவார்.

பக்கத்துப் பூங்காவில் விடலாமா? (சார்லட்)

பூங்காவை நடத்தும் நகராட்சியிடம் அனுமதி கேளுங்கள். தேசிய ராக்கெட் சங்கத்தின் விதிப்படி A எஞ்சினுக்கு ஒரு பக்கம் 100 அடியாவது இருக்கிற திறந்தவெளி வேண்டும், B-க்கு 200, C-க்கு 400. காய்ந்த புல் பக்கத்தில் எதற்குமே கூடாது.

அப்பாவும் நானும் மைதானத்தில் சண்டையே போட்டுவிட்டோம். காற்று மேற்கிலிருந்து அடித்தது. ராக்கெட் கிழக்கே போகும் என்றேன். அப்பா மேற்கே போகும் என்றார். மேற்கேதான் போனது! ஏன்? (மினியாபொலிஸ்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். உங்கள் அப்பா சொன்னது சரி.

ஏவுகம்பியை (ராக்கெட் நேராகக் கிளம்ப வழிகாட்டும் கம்பி) விட்டுக் கிளம்பும்போது ராக்கெட்டின் வேகம் குறைவு. மணிக்கு 30 மைல் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே 10 மைல் காற்று. அப்படியானால் ராக்கெட்டின் மேல் மோதுகிற காற்று நேர் மேலிருந்து வராமல், காற்றடிக்கும் பக்கமாகச் சுமார் 18 டிகிரி சாய்ந்து வரும். ராக்கெட் திரும்புவது அதன் எடை மையத்தைச் சுற்றி. ஃபின் இருப்பது அதற்குக் கீழே. பக்கக் காற்று ஃபினைப் பிடித்து வாலைக் கிழக்கே தள்ளும், மூக்கு மேற்கே திரும்பும். பழைய வீட்டுக் கூரைகளில் சேவல் வடிவத்தில் காற்றுக்காட்டி இருக்குமே, அதே வேலை. பாராசூட் விரிந்த பிறகுதான் கிழக்கே மிதந்து திரும்பி வரும்.

அக்கா, நான் மெக்கானிக்கல் படித்தவன். காற்றின் விசை மேற்கிலிருந்து வந்தால் பொருள் கிழக்கேதான் நகரும். நீங்கள் சொல்வது இயற்பியலுக்கு முரண். (ஆஸ்டின்)

தம்பி, மொத்த உடம்பும் கிழக்கே கொஞ்சம் தள்ளப்படுகிறது, அது உண்மை. ஆனால் எஞ்சினின் உந்தல் காற்றின் தள்ளலைவிட எவ்வளவோ பெரியது. அந்த உந்தல், மூக்கு பார்க்கும் திசையில் இழுத்துப்போகிறது. மூக்கு மேற்கே பார்த்தால் பயணமும் மேற்கேதான்.

அப்படியானால் மூக்கு ஏன் கிழக்கே திரும்பக் கூடாது? காற்று மூக்கிலும்தானே படுகிறது? (அதே ஆஸ்டின்)

படுகிறது. ஆனால் ஃபினில் படுவது அதிகம். காற்றின் தள்ளலையெல்லாம் ஒரே புள்ளியில் குவித்தால் அந்தப் புள்ளி எடை மையத்துக்குப் பின்னால், குழாயின் விட்டம் அளவுக்காவது தள்ளி இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் ராக்கெட் நிலையாகப் பறக்கும். அது முன்னால் போய்விட்டால் நீங்கள் சொல்கிறபடி மூக்கு திரும்பும், ராக்கெட் கரணம் போடும்.

அப்பாவும் முதல் வருஷம் இதை நம்பவில்லை. சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு நூலைக் கட்டி, எஞ்சின் போட்ட ராக்கெட்டை அது சமமாக நிற்கிற இடத்தில் முடிச்சிட்டுத் தொங்கவிட்டார். டேபிள் ஃபேனைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் போட்டார். ராக்கெட் இரண்டு தடவை ஆடிவிட்டு மூக்கை ஃபேனுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியது. கையால் திருப்பிவிட்டார், மறுபடி ஃபேனைத்தான் பார்த்தது. ஒரு மணி நேரம் ஃபேனை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். நீங்களும் உங்கள் வீட்டில் செய்து பாருங்கள், பற்றவைக்கும் இக்னைட்டரை மட்டும் சொருகாமல்.

நானும் அப்பாவும் ஃபேன் சோதனை செய்தோம். எங்கள் ராக்கெட் வாலை ஃபேன் பக்கம் திருப்பி நிற்கிறது! (ராலே)

அதை ஏவாதீர்கள். மூக்குக் கூம்புக்குள் கொஞ்சம் களிமண் வைத்து எடை கூட்டி, மறுபடி தொங்கவிட்டுப் பாருங்கள்.

அப்போ பெரிய ஃபின் வைத்தால் இன்னும் பத்திரமா? எங்க அப்பா அப்படித்தான் சொல்கிறார். (டாம்பா)

ஓரளவுக்குத்தான். ஃபின் பெரிதாகப் பெரிதாகக் காற்றை நோக்கிச் சாய்வதும் கூடும். கிட்டில் கொடுத்த அளவே போதும்.

ஆஸ்டின் நண்பருக்காக: ஏவுகம்பியை எந்தப் பக்கம் சாய்ப்பது? (சிகாகோ)

லேசான காற்றில் நேராக நிறுத்துங்கள், ராக்கெட் தானே காற்றை நோக்கிப் போய், பாராசூட்டில் திரும்பிவிடும். செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாய்ப்பது விதிக்குப் புறம்பு. மணிக்கு 20 மைலுக்கு மேல் காற்று இருந்தால் வீட்டில் இருங்கள். காற்று விஷயத்தை இதோடு முடிக்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பட்டனை அழுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை. அப்பா உடனே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டார். (ஃபீனிக்ஸ்)

இது பயப்பட வேண்டிய விஷயம். கன்ட்ரோலரில் (தூரத்திலிருந்து பற்றவைக்கும் பட்டன் உள்ள பெட்டி) ஒரு பாதுகாப்புச் சாவி இருக்கிறது. அதை உருவுங்கள், 60 வினாடி பொறுங்கள், அப்புறம்தான் யாரும் ஏவுமேடைக்குப் போகலாம். எங்கள் வீட்டில் அந்தச் சாவி சிவப்பு நூலில் கோத்து அப்பா கழுத்தில் தொங்கும். அவர் ராக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்வரை சாவியும் அவரோடு அங்கேதான் இருக்கும், அதனால் யாராலும் பற்றவைக்க முடியாது. D எஞ்சின்வரை 15 அடி தள்ளி நிற்க வேண்டும், அதைவிடப் பெரியதற்கு 30 அடி. பெரும்பாலும் பிரச்சினை, இக்னைட்டரின் நுனி உள்ளே மருந்தைத் தொடாததுதான்.

எஞ்சின் இந்தியாவுக்கு எடுத்துப்போக முடியுமா? (அட்லாண்டா)

முடியாது. நியூ ஜெர்சிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

எங்கள் மாமா சிவகாசி. எஞ்சினை நாமே மருந்து அடைத்துச் செய்தால் செலவு மிச்சமாகுமே? (ஹூஸ்டன்)

செய்யவே செய்யாதீர்கள். இந்த விளையாட்டு பிறந்ததே அதை நிறுத்துவதற்காகத்தான். 1957-இல் ஸ்புட்னிக் போனதும் அமெரிக்கப் பையன்கள் இரும்புக் குழாயில் மருந்து அடைத்துக் கை கால் இழந்தார்கள். அதற்கு முன்பே, 1954-இல், நெப்ராஸ்காவில் நார்ஃபோக் என்ற ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், தன் சகோதரர் ராபர்ட்டுக்காகக் காகிதக் குழாயில் ஒரு சின்ன எஞ்சின் செய்திருந்தார். அவர் அதை ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளருக்கு அனுப்பினார். அதிலிருந்துதான் தொழிற்சாலையில் அடைத்த, ஒரே தடவை எரிகிற எஞ்சின் வந்தது. மாமாவின் கைத்திறனைக் கூம்பு கடைவதில் காட்டச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குச் சத்தம் என்றால் பயம். (போர்ட்லேண்ட்)

வெடிச் சத்தம் இருக்காது. சீறுகிற சத்தம், அதுவும் இரண்டு வினாடிக்குள் முடியும். பாராசூட் மடிப்பதை அம்மாவிடம் கொடுங்கள். டால்கம் பவுடர் தூவி மடித்தால் பிளாஸ்டிக் ஒட்டாமல் விரியும். எஞ்சின் பக்கமிருந்து வரும் சூடு படாமலிருக்க, தீப்பிடிக்காத தாளைக் கசக்கிக் கீழே வைக்க மறக்க வேண்டாம்.

என் மகனுக்கு 14. சின்ன வயதில் என்னோடு விடுவான். இப்போது வர மறுக்கிறான். (பாஸ்டன்)

அமெரிக்க ராக்கெட்ரி சேலஞ்ச் என்று பள்ளி மாணவர் போட்டி இருக்கிறது. 6 முதல் 12-ஆம் வகுப்புவரை. பச்சை முட்டையை ஏற்றி, சொன்ன உயரத்துக்கு, சொன்ன நேரத்தில் உடையாமல் இறக்க வேண்டும். சிறந்த 100 அணிகள் வர்ஜீனியாவில் இறுதிச் சுற்றில் கூடுகின்றன. அவன் நண்பர்களோடு அணி சேரட்டும். நீங்கள் காரோட்டுங்கள், முட்டை வாங்கிக் கொடுங்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அவன் உங்களை விட்டு விலகியதாக நினைக்காதீர்கள், உங்களிடம் கற்றதைத்தான் செய்யப் போகிறான்.

பெட்டியில் துணி சுற்றி வைத்தால் எஞ்சின்...

கூடாது. இனி இந்தக் கேள்வியை எடுக்க மாட்டேன்.

அப்பா போன வருஷம் தவறிவிட்டார். எண்பதுகளில் இங்கே வந்தவர். கராஜில் அவரும் நானும் செய்த ராக்கெட்டும், பழைய எஞ்சின் ஒரு பொட்டலமும் கிடைத்தன. விடலாமா? (டெட்ராய்ட்)

விடலாம், அவசரப்படாமல். கராஜ் என்பதால் எஞ்சின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. வருஷக்கணக்காகச் சூட்டிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடந்தால் உள்ளே மருந்தில் விரிசல் விழும், பற்றவைத்ததும் வெடித்து ராக்கெட்டையே கிழித்துவிடும். அந்தப் பொட்டலத்தை நினைவுக்கு வைத்துக்கொண்டு புதிதாக A8-3 வாங்குங்கள்.

மூக்கையும் உடலையும் இணைக்கிற ரப்பர் நாடாவை இழுத்துப் பாருங்கள். இத்தனை வருஷத்தில் கட்டாயம் இற்றுப்போயிருக்கும், மாற்றுங்கள். பாராசூட் புதிது போடுங்கள். ஃபின் ஒவ்வொன்றையும் விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள், ஆடினால் ஓரத்தில் பசை விடுங்கள். பெயின்ட் அடிக்காதீர்கள். குழாயில் அவர் எழுதியது ஏதாவது இருந்தால் அது அப்படியே இருக்கட்டும்.

டெட்ராய்ட்டிலிருந்து எங்கள் மைதானம் தூரமில்லை. ஜூனில் வாருங்கள், அப்பா இங்கேதான் இருப்பார். ஃபினை அவரும் ஒரு தடவை பார்க்கட்டும்.