சுழல்காற்றில் கூரை போய்விட்டது, காப்புறுதி கிடைக்குமா?

கேள்வி: ஜெலுத்தோங்கில் வரிசை வீட்டில் இருக்கிறோம். போன வாரம் அடித்த சுழல்காற்றில் எங்கள் ஓடுகள் பறந்து, சீலிங் ஊறி விழுந்துவிட்டது. முன்பக்க நிழல் கூரையான ஆவ்னிங் பக்கத்து வீட்டு வேலியில் கிடக்கிறது. வீட்டுக் கடன் இன்னும் ஓடுகிறது. வங்கி வருடாவருடம் காப்புறுதிக்குப் பணம் பிடிக்கிறது. ஆனால் ஏஜெண்ட், "இது இயற்கைப் பேரிடர், கிடைக்காது" என்கிறார். கூரை வேலை செய்யும் குத்தகையாளர் ஒருவர் 3,000 வெள்ளி முன்பணமும் ஒரு கடிதத்தில் கையெழுத்தும் கேட்கிறார். க்ளெய்ம் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம். என்ன செய்வது ஐயா?
– வாசகி, பினாங்கு

பதில்: அம்மா, அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏஜெண்ட் சொன்னது சரியா தப்பா என்பது, வங்கி உங்களுக்கு எடுத்தது எந்தப் பாலிசி என்பதில் இருக்கிறது. வெறும் தீக் காப்புறுதி என்றால் தீ, மின்னல், வீட்டு கேஸ் வெடிப்பு, அவ்வளவுதான். காற்றுச் சேதத்தைத் தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. 'ஹவுஸ் ஓனர்' பாலிசி என்றால் புயல்காற்றும் வெள்ளமும் அதிலேயே அடக்கம். சுழல்காற்று என்று தனியாக அச்சடித்திருக்க மாட்டார்கள். 'விண்ட்ஸ்டார்ம்' என்று இருந்தால் போதும். இயற்கைப் பேரிடர் என்று சொல்லிக் கைவிரிக்க முடியாது. அந்தப் பேரிடருக்கும் சேர்த்துத்தானே பிரிமியம் வாங்கினார்கள்? தவிர, கிடைக்கும், கிடைக்காது என்று சொல்ல வேண்டியது காப்புறுதி நிறுவனம், அதுவும் எழுத்தில். ஏஜெண்ட் வாயால் சொன்னது முடிவு ஆகாது.

பாலிசி வீட்டில் இல்லையா? பெரும்பாலும் இருக்காது. பிரிமியத்தைப் பிடிப்பதில் மட்டும் வங்கி ஒரு வருடம் தவறாது. அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. சொன்னாலும் சட்டத்தரணி பாஷையில் சொல்வார்கள். கிளைக்கு நேரில் போய், எதற்கு எவ்வளவு காப்பு என்று சொல்லும் ஷெட்யூல், முழுப் பாலிசி வாசகம் இரண்டையும் கேளுங்கள். எம்ஆர்டிஏ காகிதத்தை எடுத்து நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடன் வாங்கியவர் இறந்துபோனால் கடனை அடைப்பதற்கு எடுத்தது அது. கூரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பல வருடம் நிம்மதியாக இருந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

பாலிசி கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நிறுவனத்தின் பெயரை வங்கியில் கேட்டு இன்றைக்கே மின்னஞ்சலில் தகவல் கொடுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அரை மணி நேரம் பாட்டுக் கேட்டதுதான் மிச்சமாகும். உள்ளேயும் வெளியேயும் படம் எடுத்த பிறகு கன்வாஸ் போட்டு மூடி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மேலும் நனையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று பாலிசியே சொல்லும், அதனால் மூடியதற்காக யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உடைந்த ஓடுகளை, சேதத்தை மதிப்பிட வரும் அட்ஜஸ்டர் பார்க்கும்வரை ஒரு மூலையில் குவித்து வையுங்கள். ஊறிய சீலிங்கில் வயர் ஓடினால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். மீட்டருக்குப் பிறகுள்ள வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. மின்சார நிறுவனமான தெனாகா அதைச் சரிசெய்து தராது.

இனி அந்தக் குத்தகையாளர். 2019 ஏப்ரலில் தஞ்சோங் தோக்கோங் கடலில் எழுந்த நீர்ச்சுழல் கரையேறிக் கூரைகளைப் பிய்த்தது நினைவிருக்கும். எங்கே கூரை பறந்தாலும் மறுநாள் காலையில் லோரியும் பெயர் அட்டையுமாக ஆட்கள் வந்து நிற்பார்கள். எல்லாரும் மோசடிக்காரர்கள் இல்லை. ஆனால் க்ளெய்மைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கையெழுத்துக் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்தக் கடிதத்தை நன்றாகப் படித்தால், வரும் தொகையில் ஒரு பங்கு அவருக்கு, வேலையை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, நிறுவனத்தோடு பேசும் உரிமையும் அவருக்கே என்று இருக்கும். அப்புறம் 12,000 வெள்ளி வேலைக்கு 25,000 என்று கொட்டேஷன் போடுவார். பொய்க் கணக்கு என்று தெரிந்தால் நிறுவனம் மொத்த க்ளெய்மையும் தள்ளுபடி செய்யலாம். பிடிபடும்போது க்ளெய்ம் படிவத்தில் இருப்பது உங்கள் பெயர், அவர் பெயர் இல்லை. அட்ஜஸ்டரைத் தனக்குத் தெரியும், கொஞ்சம் கவனித்தால் போதும் என்று ஒருவர் வருவார். அவருக்குத் தேநீர்கூடக் கொடுக்க வேண்டாம். அட்ஜஸ்டரை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் காப்புறுதி நிறுவனம். உங்களிடம் ஒரு காசு கேட்கவும் அவருக்கு உரிமை இல்லை.

கடன் ஓடும் வீடு என்பதால் பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும். பணம் யார் கைக்கு வர வேண்டும் என்பதில் வங்கிக்கும் வாய் உண்டு. குத்தகையாளர் கணக்குக்கு நேராக வந்துவிடும் என்று சொல்வது வெறும் பேச்சு.

ஆவ்னிங் விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நம் ஊர் வரிசை வீடுகளில் தகராறு வருவதே இதில்தான். வழக்கமான ஹவுஸ் ஓனர் வாசகத்தில் புயல்காற்றுக்கு ஒரு விலக்கு உண்டு: ஆவ்னிங், வெளித்திரை, அறிவிப்புப் பலகை, கேட், வேலி போன்ற வெளிப்புறப் பொருட்களுக்குக் காசு கிடையாது. காற்று முதலில் பிடுங்குவது இவற்றைத்தான் என்பது நிறுவனத்துக்குத் தெரியாதா என்ன? வீட்டோடு சேர்ந்து கட்டிய கார் போர்ச் கூரை வேறு, பிறகு போல்ட் அடித்து மாட்டிய ஆவ்னிங் வேறு. உங்களுடையது எது என்று பழைய படத்தைக் காட்டி விளக்குங்கள். ஆவ்னிங் கழன்றபோது சுவரையோ ஓட்டையோ உடைத்திருந்தால், சுவரும் ஓடும் கட்டடச் சேதம், அதைக் கேட்கலாம். ஆகவே கொட்டேஷனில் கூரை, சீலிங், வயரிங், ஆவ்னிங் நான்கையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து 18,000 என்று ஒரே வரியில் கொடுத்தால், அதில் ஆவ்னிங் எவ்வளவு என்று அட்ஜஸ்டர் தன் கணக்குக்கு வெட்டுவார். பக்கத்து வீட்டு வேலிக்காக இப்போது சண்டை வேண்டாம். அவர் தன் பாலிசியைப் பார்க்கட்டும்.

சோபா, டிவி நனைந்திருந்தால் அதற்கு 'ஹவுஸ்ஹோல்டர்' பாலிசி வேண்டும்.

தொகை குறைவாக வந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள், ஆனால் காரணத்தைக் கேளுங்கள். ஒரு பகுதியை நீங்கள் ஏற்க வேண்டும் என்று ஷெட்யூலில் இருக்கும். அதைவிடப் பெரிய அடி, காப்புறுதித் தொகை பழையதாக இருப்பது. வீட்டைத் திரும்பக் கட்ட 300,000 வெள்ளி ஆகும், பாலிசியில் 150,000தான் போட்டிருக்கிறது என்றால், 20,000 வெள்ளிச் சேதத்துக்குப் பாதிதான், 10,000, கைக்கு வரும். இதை ஒவ்வொரு வருடமும் நினைவூட்ட வேண்டியவர்கள் வங்கியும் ஏஜெண்டும். கமிஷன் வந்த பிறகு யார் கூப்பிடுகிறார்கள்?

பணம் தரும்போது 'டிஸ்சார்ஜ் வவுச்சர்' என்று ஒரு தாள் நீட்டுவார்கள். முழுத் தீர்வு என்று அதில் இருந்தால், பிறகு வயரிங் புகைந்தாலும் ஒன்றும் கேட்க முடியாது. வயர்மேன் பார்த்துச் சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி, முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அதிலும் இறுதிப் பதில் சாதகமாக இல்லையென்றால், ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மேன் சேவைக்குப் போகலாம். வங்கி, காப்புறுதி நிறுவனங்களோடு வரும் தகராறுகளைத் தீர்க்க 2025 ஜனவரியிலிருந்து நடக்கும் அமைப்பு அது. காப்புறுதியில் 250,000 வெள்ளி வரையான தகராறுகளை எடுக்கும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஆயிரம் வெள்ளி கேட்பவரும் உண்டு, கொடுக்காதீர்கள். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழில் பேசி உதவி கேட்கலாம். போகும்போது பாலிசி, படங்கள், கன்வாஸ் ரசீது, நீங்கள் அனுப்பிய முதல் மின்னஞ்சல், இவற்றின் நகலை எடுத்துப் போங்கள். அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.